ஒழுங்கைக்குள் வந்த மதில்

இன்று அஸர் தொழுதுவிட்டு வரும் வழியில், பள்ளிக்கூட மதிலில் பிள்ளைகள் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் வாசம் மூக்கில் ஏறியதும் நான் தெருவின் மற்றப் பக்கம் மாறி நடந்தேன். வாசம் நல்ல வாசம்தான். பிழை என்னில்.

முன்னொரு முறையும் எங்கள் கல்முனைப் பக்கம் இளைஞர்கள் இப்படி மதில் மதிலாகக் கீறித் திரிந்தார்கள். அந்த நாளில்தான் நான் வேலியைப் பிடுங்கி மதில் கட்டினேன். பக்கத்தில் போகிற ஒடுங்கிய ஒழுங்கைக்குள் ஒரு முழம் தள்ளிக் கட்டினேன். தொழுகை வரிசை ஒரு விரல் பிசகினாலும் பக்கத்து ஆளின் காலைத் தட்டித் திருத்துகிற ஆள் நான்!

ஒழுங்கையின் கடைசியில் ஒரே ஒரு வீடு. சைக்கிளில் மீன் விற்கிற இஸ்மாயில் காக்காவின் வீடு.

"தம்பிட மதில் நல்லாத் திங்குது போல. வயிறு வெளிய வந்திட்டு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த மரைக்காரிடம் முறையிட்டார். வெள்ளிக்கிழமை வந்து அளப்பதாக மரைக்கார் சொன்னார்.

வியாழக்கிழமையே படம் கீறுகிறவர்களைக் கூப்பிட்டு, தேத்தண்ணியும் கொடுத்து, என் மதிலைக் காட்டினேன். வயலும் களப்புத் தண்ணீரும் கீறினார்கள். ஒரு கொக்கும் கீறினார்கள். "உசிருள்ளது வேணாம் மனே, ஹராம்" என்று அழிக்க வைத்தேன். அதில் மட்டும் மார்க்கம் பார்த்தேன்.

மறுநாள் மரைக்கார் வந்தார். "இவ்வளவு வடிவா இரிக்கிறத எப்பிடிக் காக்கா உடைக்கச் சொல்லுற?" என்று இஸ்மாயில் காக்காவிடமே கேட்டுவிட்டு, அளவு நாடாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த மாரியில் காக்கா மவுத்தானார். ஜனாஸாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கி வந்தவர்கள் என் மதில் மூலையில் நின்றுவிட்டார்கள். திரும்ப இடமில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், பின்னால் எடுத்துப் பார்த்தார்கள். சந்தூக்கின் கால் மதிலில் உரசியது. என் வாய் சொன்னது: "பாத்து, பாத்து, பெயின்ட் போகுது!"

ஜனாஸாவை வெளியே எடுத்து, பாயில் கிடத்தி, தெருவரைக்கும் கைகளில் கொண்டுபோனார்கள். வெறும் சந்தூக்கை நிமிர்த்திப் பிடித்தபடி இரண்டு பேர் பின்னால் போனார்கள்.

அந்தக் கிழமையே மதிலை நானே உடைத்தேன். காக்காவின் மனைவியிடம் போய், "மாப்புத் தாங்க ராத்தா" என்றேன். விதவைகள் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராத இத்தாவில் இருந்தவர் கதவுக்குப் பின்னாலிருந்து கதைத்தார்: "நான் ஆரு தாறதுக்கு? அவரிட்டக் கேளுங்க."

இத்தா முடிந்ததும் பின்பக்கம், தங்கச்சியின் வளவுக்கூடாக வழி திறந்துகொண்டார். ஒழுங்கைப் பக்கத்துக் கேட்டைக் கல் வைத்துக் கட்டிவிட்டார்.

இப்போது ஒழுங்கையில் லொறியே திரும்பும். நடந்து போக ஓர் ஆளில்லை.