மலையேறுதல் – வசனம் அமைக்க

மழைக்காலத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் எதை முகர்ந்தாலும் ஈரவிறகுப் புகைதான் மணக்கும். தகரம் ஒழுகி எழுத்தெல்லாம் கரைந்துவிடுமென்று பயந்து அம்மா என் தமிழ்க் கொப்பியை அடுப்புக்கு மேலே செருகி வைத்திருப்பாள். சாயங்காலம் அதை எடுத்துத் திறந்தால் புகையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறித் தும்மல் வரும்.

இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். ஐம்பதுகளில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேலே படிக்க டவுன் பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொல்லி, தமிழில் கேள்வி கேட்டு, தேறினால்தான் சேர்ப்பார்கள். தேறாவிட்டால் தோட்டத்து வேலையாளாகப் "பேர் பதிந்து" கூடையை மாட்டிக்கொண்டு அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போகவேண்டியதுதான். எனக்குக் கூடையென்றால் பயமில்லை, அட்டைக்கடிதான் பயம். அம்மாவுக்கோ நான் கூடையைத் தொடுவதே பிடிக்காது.

ஆகவே தினமும் படித்த பாடத்தை மீட்டல் நடக்கும். அம்மாவுக்கு ஓர் எழுத்துத் தெரியாது, ஆனாலும் ரொட்டி தட்டிக்கொண்டே "சத்தமாப் படி புள்ள, முணுமுணுக்காத" என்பாள். எதிர்ச்சொல், ஒருமை பன்மை, உவமை என்று நான் ஒப்பிக்க, எங்கே தடுக்குகிறேனோ அங்கே தட்டுவதை நிறுத்துவாள். அது போதும், எனக்குப் பிழை தெரிந்துவிடும்.

ஒருநாள் மரபுத்தொடர்கள் வந்தன. "மலையேறுதல் – இல்லாமற்போதல்" என்று வாசித்தேன். அம்மா நிறுத்திவிட்டாள்.

"யாருடி எழுதுனா அத? நான் தெனமும் மலையேறுறேன், எறங்குறேன். இல்லாமயா போயிட்டேன்?"

எங்களுக்கு "மலை" என்றால் தேயிலை நிற்கிற இடம். அஞ்சாம் நம்பர் மலை, பழைய மலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. "மலைக்குப் போறேன்" என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். அன்று சிரித்த சிரிப்பில் ரொட்டி தீய்ந்தது. கொப்பியிலிருந்த அர்த்தம் மனதை விட்டுப் போய், அம்மாவின் பேச்சு ஒட்டிக்கொண்டது.

கேள்வி கேட்கும் நாளில் அப்பாதான் கூட்டிப்போனார். மேசைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர், வெள்ளை வேட்டி, கண்ணாடி. வாசிப்பு தடங்கலில்லாமல் போயிற்று. "கெட்டிக்காரி" என்றுகூடச் சொன்னார். பிறகு கேட்டார்: "மலையேறுதல் எண்டதை வைச்சு ஒரு வசனம் சொல்லும் பாப்பம்."

"எங்கள் அம்மா இன்று காலையில் மலையேறிவிட்டார்" என்றேன், கணீரென்று.

அவர் பேனாவை வைத்துவிட்டார். "இண்டைக்கோ, பிள்ளை?"

"ஆமாங்க ஐயா. விடிஞ்சதுமே."

அவர் எழுந்து வாசலுக்குப் போய் அப்பாவை அழைத்து, மெல்லிய குரலில், "தாயைக் கிடத்திப்போட்டு இந்தப் பிள்ளையை ஏன் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டார். அப்பா மலங்க மலங்க விழித்தார். "கிடத்தியா? அவ கொழுந்தெடுக்கப் போயிருக்காங்க ஐயா." ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கவில்லை. "சரி, போயிட்டு வாங்கோ, அறிவிப்பம்" என்றார். அவ்வளவுதான், என் படிப்பு முடிந்தது என்று வழியெல்லாம் அழுதேன்.

வீட்டில் அப்பா விஷயத்தைச் சொன்னதும் அம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள்.  ஆனால் மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. பெட்டியிலிருந்த கல்யாணச் சேலையைக் கட்டி, என்னை ஒரு கையிலும் கொப்பியை ஒரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆசிரியர் முன்னால் நின்று, "நாந்தாங்க இவ அம்மா" என்றாள். "புள்ள கொப்பியில சரியாத்தான் எழுதியிருக்குங்க. நாந்தான் குறுக்க பேசிக் கெடுத்துட்டேன். நான் செஞ்ச தப்புக்கு அவளக் கூடை தூக்க வச்சிறாதீங்க ஐயா."

குரல் உடைந்தது. அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அவள் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார். துரையின் முன்னும் கணக்கப்பிள்ளையின் முன்னும் அம்மா நிற்பதைத்தான் கண்டிருக்கிறேன். அவளுக்காக ஒருவர் எழுந்ததை அன்றுதான் கண்டேன். "நீங்கள் முதல் இருங்கோ அம்மா. பிள்ளையை நேற்றே எடுத்தாச்சு. அவ சொன்னது பிழை எண்டு நான் சொல்லேல்லையே" என்றார். அம்மா நாற்காலியின் நுனியில், விழுந்துவிடுவோமோ என்கிற மாதிரி உட்கார்ந்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது மாடிக் கட்டடம் வந்துவிட்டது. எங்கள் லயத்தை இடித்துத் தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் வேனில் டவுனுக்குப் போகிறார்கள். கொப்பியை யாரும் அடுப்புக்கு மேலே வைப்பதில்லை. நானும் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றுவிட்டேன். படிப்பித்த கடைசிச் சில வருடங்களில், மரபுத்தொடர்ப் பாடத்தில் அந்த ஒரு சொல் வந்தால், விளக்கம் சொல்லாமல் பிள்ளைகளையே வசனம் சொல்லச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன். அம்மா அப்போது போய்விட்டிருந்தாள். கொப்பியில் எழுதியிருந்த அர்த்தம் சரிதான்.