கறுத்த சாயத்தண்ணி

கடலடி எரிமலைகளில் விளைந்த சல்பைடுத் தாதுக்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். அவற்றில் பைரைட் என்று ஒரு கனிமம் உண்டு. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, பொன் மாதிரி மின்னும். பாறைக்குள் கிடக்கும்வரை சாது. உடைத்து மழையிலும் காற்றிலும் போட்டால் அமிலத்தையும் துருவையும் கக்கும். எங்கள் மலையில் எரிமலை கிடையாது, ஆனால் பாறையில் ஆங்காங்கே பைரைட் இருக்கிறது. எங்கே பிறந்தாலும் அதன் குணம் ஒன்றுதான். முதல் வருடப் பிள்ளைகளுக்கே இது தெரியும்.

தேயிலைத் தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே ரோட்டை அகலப்படுத்தியவர்கள், வெடிவைத்து உடைத்த கல்லையெல்லாம் பீலிக்கு மேலே உள்ள பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். மலை ஊற்று குழாய் வழியே வந்து விழும் அந்தப் பீலிதான் லயம் முழுவதுக்கும் குடிதண்ணீர்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிப்பதும், அதாவது கரகக் குடத்தை அலங்கரித்து அதில் அம்மனை இறக்குவதும், அங்கேதான். மின்னுகிற கல்லைக் கண்டால் பெண்கள் விடுவார்களா? அம்மன் இறங்கும் இடம் அழகாக இருக்கட்டும் என்று ஒரு கூடை பொறுக்கிவந்து பீலியடியில் பதித்தார்கள். கொழுந்து பறிக்கும் என் அக்காதான் முன்னால் நின்றாள்.

அடுத்த மழையில் தண்ணீர் செம்மஞ்சளாகிப் புளித்தது. அக்கா போனில் அழுதாள். போய்ப் பார்த்தேன். பள்ளத்துக் கற்குவியல் முழுக்கத் துரு வழிந்தது. உதவி முகாமையாளரான சின்ன துரையை அழைத்து வந்து காட்டினேன்.

"நீங்களே கல்ல கொண்டாந்து தண்ணியில போட்டுட்டு தோட்டத்த குத்தம் சொல்றீங்களே மிஸ். மொதல்ல அத எடுங்க," என்றார்.

அக்கா தலைகுனிந்தாள். ஒரு கூடைக் கல்லுக்காக அவள் குனிந்தது எனக்குப் பொறுக்கவில்லை. லொறி லொறியாகக் கொட்டியவர் நிமிர்ந்து நின்றார்.

பீலியடியில் பதித்த கல்லைப் பெண்கள் அன்றைக்கே எடுத்தார்கள். தண்ணீர் மாறவில்லை. குடிக்காதீர்கள் என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். வேறு தண்ணீருக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

அடுத்த மாதம் சின்ன துரையை விடாப்பிடியாக மறுபடி வரவழைத்தேன். "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்," என்றார். வந்தவருக்குப் பாலில்லாத தேநீரான சாயத்தண்ணி கொடுக்க வேண்டுமே என்று அக்கா அடுப்பை மூட்டினாள். பீலித் தண்ணீரிலேயே போடச் சொன்னேன். தேயிலைச் சாயமும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். கோப்பையில் வந்தது எழுதுகிற மை.

"என்ன இது?" என்றார்.

"உங்க தோட்டத்துத் தேயில. எங்க பீலித் தண்ணி," என்றேன்.

கோப்பையை வாசற்படியில் வைத்தார். "நான் இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

"எங்க புள்ளைங்களும் இப்பதான் குடிச்சிட்டு பள்ளிக்கூடம் போச்சுங்க, தொர," என்றாள் அக்கா. இந்தத் தடவை அவள் குனியவில்லை.