ஆண்கள் உடைமாற்றும் அறைக்குப் போன காபி

பெண்கள் ஏன் அறுவைச் சிகிச்சைத் துறையில் மேலே வருவதில்லை என்று பேப்பரில் ஒருவர் எழுதியிருந்தார். கத்தியைக் கண்டால் அவர்களுக்குப் பயமாம். படித்ததும் பேப்பரைத் தூக்கி எறிந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், பெங்களூரில் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தேன். வயிற்றைத் தைத்து மூடுமுன் கத்தி, கத்திரி, பஞ்சு எல்லாவற்றையும் எண்ணி, சரி என்று சொல்வது என் பொறுப்பு. எண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை. அங்கே பெரிய டாக்டரோடு சேர்த்து ஐந்து ஆண்கள், டாக்டரம்மா ஒருவர். பெரிய டாக்டருக்கு அடுத்த அனுபவம் அவருக்குத்தான். பெரியவர் சீக்கிரமே ஓய்வு பெறவிருந்தார். அந்த இடம் நியாயப்படி டாக்டரம்மாவுக்கு வர வேண்டும்.

ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆபரேஷன்கள் முடிந்ததும் ஆண்கள் உடைமாற்றும் அறைக்குக் காபி போகும். பனியனோடு உட்கார்ந்து, மறுநாள் யாருக்கு எந்தக் கேஸ் என்று அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள். டாக்டரம்மா நர்சுகளின் அறையில் சேலை மாற்றிக்கொண்டு வருவதற்குள் குடலும் பித்தப்பையும் பங்கு போயிருக்கும். அவருக்கு மிஞ்சுவது சீழ்க்கட்டி. ஆனேக்கலிலிருந்து பஸ் பிடித்து, அவரையே கேட்டு வரும் பெண்களுக்குக்கூட வேறொருவர்தான் ஆபரேஷன் செய்வார்.

ஒருநாள் அவர் காபி கொண்டுவரும் கேன்டீன்காரரை வராந்தாவில் நிறுத்தினார்.

"நாளைலேர்ந்து காபியை இந்த மேஜையில வெச்சிடுப்பா."

"உள்ள டாக்டருங்க சத்தம் போடுவாங்கம்மா."

"போடட்டும். காபி இங்க இருக்கும்போது எவ்ளோ நேரம் உள்ள உக்காந்து சத்தம் போடுவாங்க?"

மறுநாள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஐவரும் வெளியே வந்தார்கள்.

"என்னம்மா, எங்க காபியைக் கடத்திட்டே?" என்றார் பெரிய டாக்டர்.

"காபி உங்களுதுதான் சார். நாளைக்குப் பித்தப்பை கேஸ் என்னுது."

அவர் சிரித்தார், கேஸையும் கொடுத்தார். அதன்பின் பெரிய கேஸ்கள் டாக்டரம்மாவுக்கும் வந்தன. அவர் ஆபரேஷனில் ஒரு பஞ்சுகூடக் கணக்கில் குறைந்ததில்லை.

பெரியவர் ஓய்வு பெற்றார். ஆஸ்பத்திரிக் கமிட்டி டாக்டரம்மாவைக் கூப்பிட்டுப் பேசியது. திரும்பி வந்தவர் வராந்தா மேஜையருகே நின்று என்னிடம் சொன்னார்:

"ராத்திரி அவசரம்னு கூப்பிட்டா வீட்டுக்காரர் அனுப்புவாரான்னு கேட்டாங்க. இத்தனை வருஷமா ராத்திரியில வந்தது யாராம்? மத்தவங்க வீட்டுல இதையே கேட்டீங்களான்னேன். சிரிக்கிறாங்க."

பதவி அவருக்குக் கீழே இருந்தவருக்குப் போனது. அந்த ஆளுக்குத் தையல் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்ததே இந்த அம்மாள்தான். புதிய தலைவர் பிறப்பித்த முதல் உத்தரவு என்ன தெரியுமா? வராந்தா டீக்கடை மாதிரி இருக்கிறதாம்; காபி பழையபடி உள்ளே வர வேண்டுமாம்.

அன்று காபி உள்ளே போன சற்று நேரத்தில் டாக்டரம்மா அந்த அறைக் கதவைத் தட்டினார். பதில் வருமுன் திறந்தார். எண்ணி முடித்த கருவிகளோடு நான் பின்னால் நின்றிருந்தேன். உள்ளே ஆளுக்கொரு துண்டைத் தேடினார்கள்.

"நிதானமா போத்திக்கோங்க," என்றார். "நாளைக்கு எனக்கு என்ன கேஸ்?"

புதிய தலைவர் காபியைப் பார்த்துக்கொண்டே, "குடல் கேஸ்... நீங்களே எடுத்துக்கோங்க மேடம்," என்றார்.

அந்த அறையில் ஐந்து நாற்காலிகள். ஐந்திலும் ஆள்; பெரியவர் போன இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்ன டாக்டர். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா நின்றபடியே கேட்டு வாங்கினார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான், தினமும்.