அவளுக்கு ரூம் போட்ட கதை

என் வேலையே ஊருக்கு வருகிறவர்களுக்கு ரூம் போடுவதுதான். ராயபுரத்தில் ஒரு சின்னக் கப்பல் ஏஜென்சியில் இருக்கிறேன். துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால், அதிலிருந்து இறங்கி ஊருக்குப் போகிற மாலுமிகளுக்கும், ஏறுவதற்காக முந்தின நாளே வந்து காத்திருக்கிற மாலுமிகளுக்கும் தங்க இடம் பிடித்துத் தருவது என் பொறுப்பு. எந்த ஓட்டலில் லிஃப்ட் சத்தம் தூங்க விடாது, எதில் ஜெனரேட்டர் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது, எங்கே சாயங்காலமானால் குழாயில் தண்ணீர் நூலாக வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அப்படி ஒரு ரூமில் நான் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. திருவொற்றியூரில் வீட்டை வைத்துக்கொண்டு எனக்கு எதற்கு ரூம்?

ஆகவே அவள் சிங்கப்பூரிலிருந்து ஃபோன் செய்து, மார்கழியில் மெட்ராஸில் இரண்டு கச்சேரி இருக்கிறது, நீதான் இதிலெல்லாம் கெட்டிக்காரியாச்சே, நல்ல ஓட்டலாக ஒன்று பார்த்து வை என்றபோது, கேட்டவர்கள் யாரும் அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. நான் கண்டுபிடித்தேன். ஃபோனை வைத்த பிறகும் வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

அவளும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்தவர். என் அப்பா காசிமேட்டில் விசைப்படகில் கடலுக்குப் போனவர். மாதா கோயில் கொயரில் இரண்டு பேரும் சேர்ந்து பாடினோம். உச்ச ஸ்தாயியில் முன்னால் பாடுவது நான், அடியில் தாங்கிப் பிடிப்பது அவள். கொயர் மாஸ்டர் என்னை முதல் வரிசையில் நிறுத்தி அவளை என் தோளுக்குப் பின்னால் நிறுத்துவார். இதை இப்போது சொன்னால் அவளே சிரித்துக்கொண்டு ஆமாம் என்பாள். அவள் ஆமாம் என்று சொல்கிற அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்காது.

கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனவள், அங்கே ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்து, கோயில் விழா, தீபாவளி விழா என்று பாடிப் பாடிப் பெயர் வாங்கிவிட்டாள். இப்போது மெட்ராஸிலிருந்தே கூப்பிடுகிறார்கள். நான் பாடுவதைக் கேட்க என் வீட்டுக் குக்கர் இருக்கிறது, சமயத்தில் அதுவும் குறுக்கே விசில் அடிக்கும். பொறாமைதான். இதற்கு வேறு அழகான பெயர் வைத்துக் கூப்பிட எனக்கு வராது.

ஆனால் இந்த முறை வயிறு எரிந்தது பாட்டுக்காக இல்லை. இதற்கு முன் அவள் வந்தபோதெல்லாம் அப்பா வீட்டில் தங்கினாள். அவர் தவறிய பிறகு அண்ணன் கடையையும் வீட்டையும் விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டான். வீடு இல்லாமல் அவள் வருவது இதுதான் முதல் தடவை. இனி எங்கள் வீட்டில்தான் தங்குவாள் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். அந்த நினைப்பில் முன் ரூமுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. பக்கத்து வீடுகளில் நாலு பேரிடம் சொல்லியும் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஊரில் ஆள் இருக்கிறவர்கள் ரூம் எடுத்துத் தங்கினால், என்ன சண்டை என்றுதான் முதல் கேள்வி வரும். ஒரே ஒரு ராத்திரியாவது அவள் என் கூரைக்குக் கீழே படுத்து எழுந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

வீட்டுக்காரரிடம், அவளுக்கு ஓட்டல் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவர் காசிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, வண்ணாரப்பேட்டையில் எந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும், எங்கே நல்லி எலும்பு தனியாகக் கேட்டால் தருவார்கள் என்று ஆர்வமாக ஆரம்பித்துவிட்டார். எங்கள் வாயில் ஓட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். படுக்கிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர், அதையும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம். இது தங்குவதற்கு என்று நான் விளக்கியதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

“நம்ம வூடு கீதுன்னு சொல்லு. அவளுக்கு லாட்ஜு இன்னாத்துக்கு?” என்றார்.

அதையே நான் அவளிடம் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டேன். அவள் பதற்றமே இல்லாமல் சொன்னாள்: “வட மெட்ராஸ் பக்கம் வேண்டாம்டி, ஒரே தூசி. தொண்டை தாங்காது.”

எந்தத் தொண்டை? துறைமுகத்து நிலக்கரித் தூள் வீட்டுக் கொடியில் காய்கிற வெள்ளைத் துணியில் படிய, அதே காற்றில் நின்று கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிய தொண்டை. எண்ணூர் ஆலைப் பக்கமிருந்து காற்று அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனோமே, அந்தத் தொண்டை. எனக்கும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டு ஜன்னல் சாத்தினதில்லை. சரி, பார்க்கிறேன் என்றேன்.

பார்த்தேன். சீசன் நேரம், தெற்கே எங்கும் ரூம் இல்லை. எனக்குத் தெரிந்த மேனேஜர்களைப் பிடித்து இரண்டு இடம் ஒதுக்கி வைத்தேன். ஒன்று மயிலாப்பூரில், சபாவுக்கு அடுத்த தெரு, ஆனால் கல்யாண மண்டபத்தை ஒட்டி இருந்தது. இன்னொன்று தேனாம்பேட்டையில், கொஞ்சம் தள்ளி, ஆனால் அமைதியானது. இரண்டையும் வாட்ஸப்பில் எழுதினேன். அப்போது ஒரு குறும்பு தோன்றியது. குறும்பு என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே இப்படிச் சேர்த்தேன்: மூன்று, திருவொற்றியூர். கடல் நடக்கிற தூரம். கெய்சர் கிடையாது, கேட்டால் அண்டாவில் வெந்நீர் வரும். காலையில் இட்லி, வஞ்சிரம் வறுவல். புதிதாக வெள்ளையடித்த ரூம். வாடகை ஒரே ஒரு பாட்டு.

அனுப்பிவிட்டு ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் உடனே வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை வரிசையாக. அதற்குக் கீழே, ‘ரெண்டாவது ஓகே.’

அவள் அதை ஜோக் என்றே எடுத்துக்கொண்டாள். நான் ஜோக் மாதிரிதானே எழுதினேன், அவளைக் குறை சொல்லி என்ன என்று நியாயம் பேசலாம். பேச எனக்கு மனம் இல்லை. அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்தேன். வீட்டுக்காரர் ஊறுகாயை இழுத்து வைத்துக்கொண்டார்.

மாலுமிகளுக்கு ரூம் போடுகிறபோது நேரில் போய்ப் பார்ப்பதில்லை. இவளுக்காக மெட்ரோ ஏறித் தேனாம்பேட்டைக்குப் போனேன். அவள் மேல் உள்ள பாசத்தில் போனேன் என்று எழுத ஆசைதான். என் வீட்டை விட அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனேன். ரிசப்ஷனில் இருந்தவர்கள் சாவி கொடுத்து ஆளை அனுப்பினார்கள். தெருவைப் பார்த்த ரூமை வேண்டாம் என்று தள்ளி, பின்பக்கம் வேப்பமரம் தெரிகிற ரூமைக் காட்டச் சொன்னேன். குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் கொட்டியது. ஏ.சி.யைப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன், சத்தமே இல்லை. ஜன்னல் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்தேன். விரல் சுத்தமாக இருந்தது. எங்கள் வீட்டில் காலையில் துடைத்தால் மத்தியானம் அந்த விளிம்பில் பெயர் எழுதலாம்.

அந்த ரூமில் ஒரு குறையும் இல்லை. ஒரு கரப்பான்பூச்சியாவது ஓடக் கூடாதா என்று கட்டிலுக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தேன். கூட வந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இதையே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

முதல் கச்சேரிக்கு எனக்கும் வீட்டுக்காரருக்கும் முன் வரிசையில் டிக்கெட் கொடுத்திருந்தாள். நன்றாகப் பாடினாள். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இரண்டு பாட்டு முடிந்து தண்ணீர் குடித்துவிட்டு மைக்கில் பேச ஆரம்பித்தாள். நான் ராயபுரத்துப் பொண்ணு என்றாள். கைதட்டினார்கள். அடுத்தது, இன்னா மாமு, எப்டி கீறீங்கோ என்றாள். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. பட்டுப்புடவை கட்டிய அம்மாக்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அது அவள் வீட்டுப் பேச்சே இல்லை. அவள் வீட்டில் எல்லோரும் தூத்துக்குடித் தமிழ் பேசுவார்கள், வாரேன், தாரேன் என்று. கீது என்று ஒரு நாள் வாய் தவறிச் சொன்னதற்கு அவள் அப்பா கடைவாசலிலேயே தொடையில் கிள்ளினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பேச்சை அவள் என் வாயிலிருந்து கற்றாள். நான் அதைப் பேசினால் ஆபீஸில் மேனேஜர் முகம் சுளிப்பார், அதனால் எட்டு மணிநேரம் வாயைக் கட்டி வைத்திருக்கிறேன். அவள் மேடையில் பேசினால் கைதட்டு.

இத்தனைக்கும் அதைச் சரியாகவும் பேசவில்லை. உங்களையெல்லாம் பாத்துகினு இருக்கேன் என்றாள். பாத்துகினு கீறேன் என்றுதான் எங்கள் வாயில் வரும். பாத்துகினு என்று ஆரம்பித்தவர்கள் இருக்கேன் என்று முடிக்க மாட்டார்கள், நாக்கு அந்தப் பக்கம் திரும்பாது. அந்த அரங்கத்தில் அது இரண்டு பேருக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, இன்னா இப்படிச் சொல்லிச்சு என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம், அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஃபோன் வந்தது. இரண்டாவது கச்சேரியும் முடிந்துவிட்டது, ராத்திரி ஃபிளைட், ஓட்டலில் டிஃபனுக்கு வாடி, ரூம் வாடகையிலேயே இரண்டு பேர் டிஃபனும் அடக்கம் என்றாள். போனேன். அந்த ஓட்டலில் பன்னிரண்டு மணிக்கு ரூமைக் காலி செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நடுவில் ஒரு முழுப் பகல் இருக்கிறது. ராத்திரி இல்லை என்றால் பகலாவது இருக்கட்டும் என்று மனதை இறக்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் விடிவதற்கு முன்னாலேயே ஏலத்தில் நின்று வஞ்சிரம் எடுத்து வைத்திருந்தார். மூன்று பேருக்கு எதற்கு முழு மீன் என்று நான் கேட்கவில்லை.

தோசை சாப்பிட்டுக்கொண்டே அவள் என் கையைப் பிடித்து, இந்த ரூமை எப்படிடி பிடிச்ச, ஊருக்கு வந்தால் எனக்குத் தூக்கமே வராது, இங்கே குழந்தை மாதிரித் தூங்கினேன் என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள், கண் தெளிவாக இருந்தது. இதுதான் சமயம் என்று, சாயங்காலம் வரைக்கும் என்ன செய்யப் போகிறாய், வீட்டுக்கு வா, மீன் வாங்கி வைத்திருக்கிறார் என்றேன்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். “வரணும்தான்டி. ஆனா உடம்பு அசந்து போச்சு. இந்த ரூமையே சாயங்காலம் வரைக்கும் நீட்டிக்கச் சொல்லேன். உனக்குத் தெரிஞ்சவங்கதானே, நீ சொன்னா கேப்பாங்க.”

கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். கேட்டேன், தரமாட்டேன் என்கிறார்கள் என்று பொய் சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. ஆனால் அவள் கேட்ட விதத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது, நான் ஒரு வேலையை எடுத்தால் முடித்துவிடுவேன் என்று. சின்ன வயதில் பாட்டு எடுத்துக் கொடுக்க என் தோளைத் தட்டுவாளே, அதே மாதிரிக் கேட்டாள். எழுந்து ரிசப்ஷனுக்குப் போனேன்.

அங்கே இருந்த பையன் புதியவன். சீசன் மேடம், அடுத்த கெஸ்ட் மத்தியானமே வருகிறார்கள், நீட்டித்தால் அரை நாள் சார்ஜ் ஆகும் என்றான். அடுத்த கெஸ்ட்டை முன்பக்க ரூமுக்கு மாற்று, அதன் சாவி உன் பின்னால்தான் தொங்குகிறது, இன்றைக்குக் காலியாகிவிட்டது என்றேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“நீங்க அவங்களுக்கு யாரு மேடம்?”

கையில் இருந்த ஃபோனில் வீட்டுக்காரரின் மெசேஜ் மின்னியது. குழம்பை இப்போதே வைக்கட்டுமா, அவள் வந்த பிறகு வைக்கட்டுமா என்று கேட்டிருந்தார். உணவுக்கூடத்தில் அவள் யாரோ ஒரு ரசிகையோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். பையன் பதிலுக்குக் காத்திருந்தான்.

“ஏஜென்ட்” என்றேன்.

அவன் உடனே எழுந்து நின்று, சாரி மேடம், முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஏஜென்ட்டுக்குச் சார்ஜ் கிடையாதே என்று சொல்லி, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஒரு பைசா வாங்காமல் நீட்டித்துக் கொடுத்தான். ஃப்ரெண்ட் என்று சொல்லியிருந்தால் சார்ஜ் போட்டிருப்பான்.