கப்பல் ஏறாதவரைத் தேடிய சரோஜா மேடம்

செவ்வாய்க்கிழமை காலை தி.நகர் தொலைபேசி நிலையத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் வந்து தோளில் கை வைத்தார். "சரோஜா போய்ட்டாங்க வசந்தா. தூக்கத்துலயே." தலையசைத்துவிட்டு, காத்திருந்த அழைப்பை மதுரைக்கு இணைத்தேன். இதுவரை அழவில்லை.

சரோஜா மேடம் பல ஆண்டுகள் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர். மணம் செய்துகொள்ளவில்லை; அடையாறில் தனியே வசித்தார். மயிலாப்பூர்க் குளத்தருகே பூர்வீக வீட்டில் அண்ணன் துரைசாமி இருந்தார். அவர்களுடைய கொள்ளுத்தாத்தா கிழக்கிந்தியக் கும்பினிப் படைச் சிப்பாய். பர்மாவில் சண்டையிட்டு மீண்டவர் என்பது குடும்பத்தின் பெருமை. ஆடி அமாவாசைதோறும் அவருடைய வாளுக்கு மாலையிட்டுப் படைப்பார்கள்.

"பர்மாவுல எந்த ஊர்ல சண்டை போட்டாருன்னு யாருக்குமே தெரியல. நான் பாத்துச் சொல்றேன்" என்றார் ஒருநாள். அதன்பின் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஆவணக் காப்பகத்தில் பழைய படைப் பதிவுகளைப் புரட்டினார். மறுநாள் தூசியில் இருமிக்கொண்டே வேலைக்கு வருவார்.

கிடைத்த பதில் வேறு. சிப்பாய் கப்பலே ஏறவில்லை. புறப்படும் முன்பே படையை விட்டு ஓடியிருந்தார்.

அந்த ஆடி அமாவாசையன்று உறவினர் கூடியிருந்தபோது மேடம் அதைச் சொல்லிவிட்டார்.

"கோழைன்னு சொல்றியா? இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத" என்றார் அண்ணன். மேடம் சாப்பிடாமல் கிளம்பினார். பிறகு அங்கே போகவேயில்லை.

அதன்பின் ஒருமுறை நானும் மேடமும் மீன் வாங்க நொச்சிக்குப்பம் கடற்கரைக்குப் போயிருந்தோம். பையைக் கையில் பிடித்தபடி கடலைப் பார்த்து நின்றார்.

"அந்தச் சிப்பாய் சின்னப் பையன், வசந்தா. இந்தத் தண்ணியப் பாத்துப் பயந்திருப்பான். ஓடி வந்தான், அதனாலதான் நாங்க இருக்கோம். வாளோட நின்னவரவிட இவனத்தான் எனக்குப் புடிச்சிருக்கு."

செவ்வாய் மதியம் அடையாறு வீட்டுக்குத் துரைசாமி வந்தார். தங்கையின் காலடியில் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம், "கொள்ளுத்தாத்தாவப் பத்தி அப்புறம் ஏதாவது சொன்னாளாம்மா?" என்று கேட்டார். கடற்கரையில் கேட்டதைச் சொன்னேன்.

"அவர் ஓடி வந்தது எனக்கு முன்னாடியே தெரியும்மா. எங்க தாத்தா எங்கிட்ட மட்டும் சொன்னாரு. வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேடம் இருமிய இருமல் மட்டும் காதில் கேட்டது.

பாடையைத் தூக்கும்போது அந்த முதியவர் முன்னால் வந்து ஒரு முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். இளையவர்கள் வாங்க வந்தும் விடவில்லை. பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம்.

விடை தருகிறோம், சரோஜா மேடம். அண்ணன் கூடவே வருகிறார்.