ஒட்டிப் போட்ட இரண்டு மேசைகள்

ஜெயங்கொண்டத்துப் பள்ளிக்கூடத்தில் அந்த இரண்டு நாள் முகாமை மருத்துவத் துறையும் ஊனமுற்றோர் நலத் துறையும் சேர்ந்து நடத்தின. இரண்டு துறைகளின் மேசைகளையும் ஒட்டிப் போட்டு ஒரே விரிப்பை விரித்திருந்தார்கள். இனி ஊனச் சான்றிதழுக்கு ஓர் ஊர், மூன்று சக்கர வண்டிக்கு ஓர் ஊர் என்று யாரும் அலைய வேண்டாம் என்றார்கள்.

என் தம்பிக்குச் சிறு வயதிலேயே போலியோ வந்து கால்கள் சூம்பிவிட்டன. பஸ் ஸ்டாண்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் அவனுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை வந்து உட்காராவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி கிடைத்தால்தான் போக முடியும்.

முகாமின் முதல் நாள் புதன்கிழமை. டாக்டர் 10.40க்குத் தம்பியின் கால்களைப் பார்த்தார், 10.50க்குச் சான்றிதழில் கையெழுத்திட்டார். நாற்காலியை விட்டு எழாமலே அதை நலத்துறை எழுத்தரிடம் நீட்டினேன்.

"இது தபால்ல வரணும்ங்க. கையில வாங்கினா நம்பர் போட முடியாது."

"நானே குடுக்கிறேன், வாங்கிக்குங்க," என்றார் டாக்டர்.

"நீங்க வேற துறைங்க சார். பெரம்பலூர் ஆபீஸ் வழியா வரட்டும். ஒரு மாசம் ஆவும்."

தம்பி கேட்டான்: "தபால்ல வந்தாப் போதும்தானேங்க?"

"தாராளமா."

தம்பி சொல்ல, பக்கத்துத் தபால் ஆபீசில் கவர் வாங்கி வந்தேன். டாக்டர் சான்றிதழை உள்ளே வைத்து ஒட்டி, எழுத்தரின் பெயரையும் அதே பள்ளிக்கூட முகவரியையும் எழுதினார். பேனா எழுத்தருடையது. உடனே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன்.

வியாழக்கிழமை 11.15க்குத் தபால்காரர் கவரைக் கொண்டுவந்து எழுத்தரிடம் கொடுத்தார். அவர் பிரித்து, முத்திரை குத்தி, நம்பர் போட்டார்.

"பாத்தீங்களா, முறையா அனுப்பினா எவ்வளவு சீக்கிரம் வந்துடுது," என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

12 மணிக்குத் தம்பி வண்டியில் உட்கார்ந்தான். அதற்குள் விஷயம் பரவி, வரிசையில் இருந்தவர்கள் கையிலெல்லாம் கவர். ஆனால் மறுநாள் முகாம் கிடையாது. பெரம்பலூர் முகவரி எழுதச் சொல்லிவிட்டார் எழுத்தர்.

கட்டை ஊன்றி நின்ற ஒருவர் சொன்னார்: "எங்க வண்டியெல்லாம் லாரி ஏறி திரும்பப் பெரம்பலூர் போவுது தம்பி. நீ ஒருத்தன்தான் ஓட்டிக்கிட்டுப் போறே."

"கவரை இப்படிக் குடுங்கண்ணே. பெட்டியில போட்டுட்டுப் போறேன்," என்றான் தம்பி.

மடியில் பதினான்கு கவர்களுடன் தபால் பெட்டி வரை ஓட்டிப் போனான். உட்கார்ந்தபடி அவன் கை பெட்டியின் வாய்க்கு எட்டவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் வாங்கிப் போட்டேன்.