லிஃப்ட்காரர் வீட்டு ராட்வீலர்

எதிர் வீட்டு லிஃப்ட்காரருக்கும் எனக்கும் பழக்கம் என்றால், படிக்கட்டில் பார்த்துத் தலையாட்டுவது மட்டும்தான். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி நின்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். கும்மிருட்டுக் குழிக்குள் இறங்கி, கம்பிக்கும் கிரீஸுக்கும் நடுவே தனியாகக் கிடந்து வேலை பார்ப்பார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டிலும் அதே கதைதான். மகள் வெளிநாட்டில். மிச்சமிருந்தது கன்றுக்குட்டி சைஸில் ஒரு ராட்வீலர் நாய். அதைச் 'சின்னவன்' என்றுதான் கூப்பிடுவார். நாயிடம் பேசுகிறதில் பாதியை மனிதர்களிடம் பேசியிருக்கலாம், மகராசன்!

போன வாரம் சின்னவன் கூரியர்காரரின் கையைக் கவ்விவிட்டான். ஆறு தையல். குடியிருப்போர் சங்கச் செயலாளர் குதி குதியென்று குதித்தார்.

"இது கடிக்கிற ஜாதிங்க. ரத்தத்துலயே இருக்கு. வெளிய அனுப்பிடுங்க."

வாயே திறக்காத லிஃப்ட்காரர் அன்றைக்குப் பிடித்த பிடியை விடவில்லை. "ஜாதியாவது மண்ணாங்கட்டியாவது! எல்லாம் வளர்ப்புலதான் இருக்கு. குட்டியிலேருந்து என் மடியில வளர்ந்தவன் சார் இவன்."

"வளர்ப்புன்னா திருத்திக் காட்டுங்க. இல்லேன்னா அவன் இங்க இருக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை, நாய் பழக்குகிற பெண் ஒருத்தி வந்தாள். செயலாளரும் வந்து உட்கார்ந்துகொண்டார். என்னை வெளியே நின்று பெல் அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். லிஃப்ட்காரர் நாயின் கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்து, "இப்ப யாருடா?" என்று முணுமுணுத்தபடி கதவைத் திறந்தார். சின்னவன் பல்லைக் காட்டி உறுமிய உறுமலில் நான் நாலடி பின்னால் போய்விட்டேன்.

அடுத்த தடவை அவரை உள்ளறையில் உட்காரவைத்துவிட்டு அவளே திறந்தாள். கயிற்றைத் தளர விட்டிருந்தாள். சின்னவன் என் செருப்பை மோந்து பார்த்தான், வாலை ஆட்டினான், போய்ப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான்!

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி இறந்த சமயம் துக்கம் கேட்க வந்தவர்கள் கேள்வி கேட்டே மனிதரை அறுத்தெடுத்தார்கள். அன்றிலிருந்து பெல் அடித்தாலே அவர் உடம்பு விறைத்துவிடும், கை பட்டையை இறுக்கும்; எதிர் வாசலிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வருகிறவனெல்லாம் எதிரி என்று நாய் அவரிடம்தான் படித்திருக்கிறது.

"நீங்க சொன்னதுதான் சார் சரி. ஜாதி இல்ல," என்றாள் அவள்.

மேற்கொண்டு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெயித்த மனிதரின் முகம் செத்துப்போயிற்று.

"திருத்திடலாமாம்மா?"

"தாராளமா. தினம் யாராவது வந்து பெல் அடிக்கணும். நீங்க சிரிச்சுக்கிட்டே திறக்கணும். அவங்க உக்காந்து நாலு வார்த்தை பேசிட்டுப் போகணும். ஒரே ஆள்னா அவனுக்குப் பழகிடும், வேற வேற ஆளுங்க வேணும். உங்களுக்கு யாரெல்லாம் வருவாங்க?"

லிஃப்ட்காரர் செல்போனை எடுத்தார். பெயர்களை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். எந்தப் பெயரிலும் விரல் நிற்கவில்லை.

"நான் வர்றேண்ணே," என்றேன்.

"சரிம்மா. நீ ஒருத்தி." மறுபடி போனைப் பார்த்தார். "அப்புறம்..."

செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நாய் பழக்குகிறவளைப் பார்த்தார். "உங்க வீட்டுக்கு ஆளுங்க வருவாங்களாம்மா?"

"எப்பவும் சத்திரம் மாதிரிதான் சார் இருக்கும்."

"அப்ப இவன் அங்கயே இருக்கட்டும்."